பலா ஊரில் பலாக்கறி எங்கே?

சென்ற சித்திரையில் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அப்பர் குருபூசை நடக்கும் சதய நாள். திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கெடிலக் கரையில் கொஞ்சம் நின்றுவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பண்ருட்டிக்குள் வந்தோம். வழி நெடுகச் சாலையோரத்தில் பலாப்பழக் குவியல். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டும் மணம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இலை போட்டதும் நண்பரின் மகள்தான் முதலில் கேட்டாள்: "அண்ணா, பலாக்காயில செஞ்சது ஏதாவது இருக்கா?"

பரிமாற வந்த இளைஞர் ஒரு கணம் தயங்கினார். "இல்லம்மா. பன்னீர் பட்டர் மசாலா இருக்கு, கோபி மஞ்சூரியன் இருக்கு, காளான் வறுவல் இருக்கு" என்றார். தண்ணீர் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுல நேத்து பலாமூசுப் பொரியல்தாம்மா."

அந்த ஒரு வரி பல மாதங்களாக என் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் சாப்பிடுவதைக் கடையில் வைக்க நாம் ஏன் கூச்சப்படுகிறோம்? விருந்தாளி வாய்விட்டுக் கேட்கிறார். காய் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. சமைக்கத் தெரிந்தவர் எதிரிலேயே நிற்கிறார். ஆனாலும் இலையில் இல்லை.

பலா தமிழ்நாட்டின் மாநிலப் பழம். முக்கனியில் நடுக்கனி. பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் எங்கு பார்த்தாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை மாட்டி, பித்தளை டவராவில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஓர் ஊரின் பேரும் அதன் ருசியும் சேர்ந்து எத்தனை நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பலகைகளே சாட்சி. 'பண்ருட்டிப் பலாக்காய்க் கறி கிடைக்கும்' என்று ஒரு பலகையை நான் இதுவரை பண்ருட்டியிலேயே பார்த்ததில்லை. பழம் விற்கிறார்கள், சுளை விற்கிறார்கள், முந்திரிப் பயிறு பொட்டலம் விற்கிறார்கள். எல்லாம் வாங்கிக்கொண்டு போவதற்கு. உட்கார்ந்து சாப்பிட எதுவும் இல்லை.

உழவர் சந்தையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி தொடங்கிவைத்தார். பஞ்சாபில் 'அப்னி மண்டி' என்ற பெயரிலும், அதே 1999இல் ஆந்திரத்தில் 'ரைத்து பஜார்' என்ற பெயரிலும் இப்படியான ஏற்பாடு வந்திருந்தது. கணக்கு எளிது. விளைவித்தவரே விற்க வேண்டும். அவர் விவசாயிதான் என்பதற்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை, தராசு சந்தையே தரும். அன்றன்று காலை விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். மொத்தச் சந்தை விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியில் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி அந்த விலை அமைய வேண்டும். நடுவில் தரகர் எடுத்துக்கொண்டதை விற்பவரும் வாங்குபவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆட்சி மாறியபோது இடையில் சில ஆண்டுகள் இந்தச் சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன, பிறகு உயிர்பெற்றன. கடலூரிலும் பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் இன்று உழவர் சந்தை நடக்கிறது.

விடிவதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். முதல் பேருந்திலிருந்து கூடையும் கோணிப்பையுமாக இறங்குகிற பெண்கள்தான் சந்தையைத் திறக்கிறார்கள் என்று சொல்வேன். கீரைக் கட்டிலிருந்து தண்ணீர் சொட்டி, அவர்கள் நடந்துவந்த வழி தரையில் கோடாகத் தெரியும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. கத்திரிக்காயின் காம்பைப் பிடித்துத் திருப்பிக் காட்டி, "பாரு தம்பி, முள்ளு இன்னும் குத்துது, ராத்திரி பறிச்சது" என்பார்கள். பக்கத்தில் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூறாண்டு தாண்டிய பண்ணை அது. அங்கிருந்து வந்த கத்திரி ரகங்களும், பணிக்கன்குப்பத்துத் தாய்மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்த 'பாலூர் 1' பலாவும் இந்தப் பக்கத்துக் கொல்லைகளில் வேரூன்றியவை. அரசாங்கப் பண்ணையின் வேலை ஒன்று நேராக நம் கூடைக்குள் வந்து விழுவதைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு இந்தச் சந்தைக்கு வர வேண்டும். எட்டு மணி தாண்டினால் நல்ல காய் தீர்ந்துவிடும். ஒன்பதுக்கு மேல் கோணியை மடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறார்கள், வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.

அங்கு நான் தேடிப் பார்ப்பது சிலரை. ஊரின் சாப்பாட்டுக்கடைக்காரர்களை. ஓரிருவர் வருவதுண்டு. சின்ன மெஸ் நடத்துகிற ஓர் அம்மாளை அடிக்கடி பார்க்கிறேன், அவர் வாங்குவதை வைத்தே அன்று அவர் கடையில் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். பெரிய கடைகளுக்கு ஒரே ஆள் ஒரே சிட்டையில் எல்லாக் காயும் கொண்டுவந்து போடுகிறார். கோயம்பேட்டிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ லாரியில் ஏறும் அதே கோஸ், அதே கேரட், அதே காலிபிளவர். அதனால்தான் விழுப்புரத்தில் சாப்பிட்டாலும் நெய்வேலியில் சாப்பிட்டாலும் இலை ஒரே மாதிரி இருக்கிறது.

பலாவின் பெரும் வணிகம் மண்டியில் நடக்கிறது. அதன் கணக்கு வேறு. பிஞ்சு பிடித்த உடனேயே வியாபாரி வந்து மரத்தை அண்ணாந்து பார்த்து, இத்தனை தேறும் என்று கண்ணால் எண்ணி, மொத்தமாக விலை பேசிவிடுவார். குத்தகைக்கு விட்ட பிறகு மரம் உழவருடையது, காய் வியாபாரியுடையது. வெட்டு, வண்டி, மண்டி, லாரி. சென்னை, பெங்களூரு, மும்பை என்று போய்ச் சேருகிறது. ஒரு வாரம் வரத்து மிகுந்தால் விலை சரிந்துவிடும். பலா காத்திருக்கிற பழம் இல்லை. பழுத்தது பழுத்ததுதான். ஏற்றிவிட முடியாதது மாட்டுக்கு, அல்லது குப்பைக்கு.

கொட்டுவதற்கு முன்னால் அது எவ்வளவு பெரிய உணவு என்பதை ஒருமுறை கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். சாலையோரத்தில் பழம் அரிந்து சுளை விற்கும் ஒரு பெண்மணியின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அறுபது வயது இருக்கும். முதலில் விரல் முட்டியால் தட்டுகிறார். காய் 'டங்' என்றும் பழம் 'தொப்' என்றும் பேசுகிறதாம். முள் அகன்று பரந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுகிறார். பிறகு கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய். கோணியில் பழத்தைக் கிடத்தி, குறுக்கே ஒரே வெட்டு. வெள்ளைப் பால் முத்து முத்தாகக் கசியும், அதை வைக்கோலால் ஒற்றி எடுக்கிறார். நடுத்தண்டைச் சீவி எறிந்ததும், மடக்கிய கையை விரிப்பதுபோல் பழம் தானே விரிந்து கொடுக்கிறது. சடையை விலக்கி, சுளையைக் கிள்ளி, கொட்டையை ஒரு பக்கம் போடுகிறார். விரல் நிற்பதே இல்லை. பழம் முடிந்தபோது எதிரில் நான்கு குவியல்கள்: சுளை, கொட்டை, சடை, தோல். சுளை விற்பனைக்கு. கொட்டை வீட்டுக்கு. சடையும் தோலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும். வீணாய்ப் போனது வைக்கோலில் ஒற்றிய பால் மட்டும்தான்.

முந்திரியின் கதையும் இதேதான், கொஞ்சம் கூடுதல் வலியோடு. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம், நம் செம்மண் மேட்டில் சொந்த வீட்டு மரமாகிவிட்டது. காடாம்புலியூர் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு கொட்டை உடைக்கும் சத்தம். பச்சைக் கொட்டையைக் கீறிப் பயிறெடுக்கிற பெண்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்கிறார்கள். அப்படியும் நுனித் தோல் உரிந்து, கருத்து, ரேகை தேய்ந்து கிடக்கிறது. ஆலைகளுக்குப் பண்ருட்டிக் கொட்டை போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. இங்கு உடைபட்டு, இங்கு தரம் பிரிக்கப்பட்டு, இந்தியா முழுவதும் பாயசத்திலும் பிரியாணியிலும் விழுகிறது. அதே பயிறை அரைத்துக் கெட்டியாக்கிய குழம்புதான் நான் சொன்ன அந்தப் பன்னீர் பட்டர் மசாலாவிலும் இருக்கிறது! நம் ஊர்ச் சரக்கு பெயர் தெரியாமல் நம் ஊர்க் கடைக்குள் நுழைகிறது. பச்சை முந்திரிப் பயிறை முழுசாகப் போட்டு, தேங்காய் அரைத்துவிட்டு வைக்கும் குழம்பை ஒரு தரம் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டவருக்கு, அதை ஏன் யாரும் விற்கவில்லை என்ற கேள்வி தானாக வரும்.

வீடுகளில் என்னென்ன செய்கிறோம்? மாசி பங்குனியில் பிஞ்சாக இருக்கும்போது மூசு. முள்தோலைச் சீவி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, அம்மியில் ஒரு தட்டுத் தட்டினால் நார் நாராகப் பிரியும். வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்த் துருவல், கடைசியில் ஒரு சிட்டிகை சோம்பு. கறி சாப்பிடாத வீட்டில் அதுதான் கறி. கொஞ்சம் முற்றியதும் காய்க் குழம்பு. பழுத்ததும் சுளையோடு வெல்லம் சேர்த்த பாயசம். கொட்டை இருக்கிறதே, அது ஆடி கடந்தும் வரும். மண்ணில் புதைத்துவைத்து மாதக்கணக்கில் எடுத்துப் பயன்படுத்திய பாட்டிகளை எனக்குத் தெரியும். அடுப்புத் தணலில் சுட்டால் சிறுபிள்ளைகளுக்குத் தின்பண்டம். முருங்கைக்கீரையில் போட்டால் பொரியல். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து வரும் நெத்திலிக் கருவாட்டோடு, பாலூர்க் கத்திரிக்காய் நாலு, மாங்காய் ஒரு துண்டு, பலாக்கொட்டை ஒரு பிடி போட்டுக் குழம்பு வைத்தால் கடல், ஆற்றங்கரை, மேட்டுக்காடு மூன்றும் ஒரே சட்டியில் கொதிக்கும். கடலூர் மாவட்டத்தை ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் அறிமுகம் செய்ய வேண்டுமென்றால் நான் அந்தக் குழம்பைத்தான் ஊற்றுவேன்.

இதைக் கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. பலாக்காய் வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கை பிசுபிசுக்கும் என்று சமையல்காரர் முகம் சுளிக்கிறார். கொட்டையின் தோல் உரிக்க நேரமாகிறது. வாயு என்று பயந்து பெரியவர்கள் ஒதுக்குவார்கள். நான்கு மாதம்தான் வரத்து, அதற்காக எப்படிப் பட்டியலில் அச்சிடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, "வீட்டுல திங்கறதைத் திங்க யாருங்க ஓட்டலுக்கு வருவாங்க?" என்பதுதான் அவர்களின் கடைசிக் கேள்வி.

அந்தக் கேள்விக்குள் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. ஓட்டல் சாப்பாடு நமக்கு விசேஷம். வீட்டில் செய்யாததைக் கேட்பதுதான் விசேஷத்துக்கு மரியாதை என்று நினைத்தோம். ஒருகாலத்தில் வீட்டில் இட்லி தீபாவளிக்கு மட்டும் வந்தபோது ஓட்டல் இட்லிக்குப் போனோம், பிறகு பரோட்டா, பிறகு ப்ரைடு ரைஸ். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பிள்ளைகள் ஆசைப்படுவதை வாங்கிக் கொடுப்பது பெற்றவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. பலாமூசு பொரிக்கத் தெரிந்த வீடுகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகின்றன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து காய் அரிய யாருக்கு நேரம்? அந்த வீட்டுக்காரருக்கு இப்போது பலாக்கறிதான் விசேஷம். கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை.

ஆள் கிடைக்காத சிக்கலுக்கு வழி இருக்கிறது. மூசைச் சீவி, நறுக்கி, மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கிலோக் கணக்கில் கொடுக்க மகளிர் சுயஉதவிக் குழுக்களால் முடியும். உழவர் சந்தையிலேயே அதற்கு இரண்டு கடை ஒதுக்கலாம். வேளாண் விற்பனைத் துறைக்கு இது பெரிய செலவு வைக்கும் காரியம் அல்ல. விடியலில் நறுக்கியதை ஏழு மணிக்குக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனால் பகல் சாப்பாட்டுக்கு இலையில் இருக்கும். நான்கு மாதம்தான் கிடைக்கும் என்பதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. மாவடு எத்தனை மாதம் கிடைக்கிறது? வருகிறபோது கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் போதும்.

அக்கம்பக்கத்தில் பாருங்கள். சிதம்பரம் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். நடராசர் கோயில் பிரசாதமான சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் கோயில் மதிலைத் தாண்டி, ஊர்க் கடைகளைத் தாண்டி, சென்னைக் கல்யாணப் பந்தி வரைக்கும் 'சிதம்பரம் கொத்சு' என்ற பேரோடு போயிருக்கிறது. கொத்சின் மூலப்பொருள் வெறும் கத்திரிக்காய். கேரளம் 2018 மார்ச் 21 அன்று பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. நமக்கும் அதுதான் மாநிலப் பழம். ஆனால் அங்கு சக்கைப் புழுக்கு சாப்பாட்டுக்கடையில் கிடைக்கிறது, சக்கை வற்றல் விமான நிலையம்வரை போகிறது.

இலங்கையில் இன்னும் ஒரு படி மேல். அங்கு பலாமரத்தைச் சோற்றுமரம் என்றே சொல்லும் வழக்கம் உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடு முழுவதும் பலாக்கன்று நடச்சொல்லி இயக்கமே நடத்தினார். பஞ்சம் வந்தால் ஒரு மரம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் என்பது அவர் கணக்கு. மக்கள் அவருக்கு 'கொஸ் மாமா' என்று, அதாவது பலாக்காய் மாமா என்று, பேர் வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழில் மீன், நண்டு, இறாலோடு பலாக்கொட்டையும் வேகும். ஈழத்தமிழர் போய்ச் சேர்ந்த கனடாவிலும் லண்டனிலும் அந்தக் கூழ் விழாச் சாப்பாடாக இருக்கிறது. அவர்கள் பனிக்கட்டி விழும் ஊரில் டப்பாவில் அடைத்த பலாக்கொட்டையைத் தேடி அலைகிறார்கள். நமக்கு அது ஆட்டுக்குப் போடும் குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

திருவதிகையைப் பற்றிப் பேசும்போது வயிற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சமண மடத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியார் தீராத சூலைநோயோடு தன் தமக்கை திலகவதியாரைத் தேடி வந்தது இந்த ஊருக்குத்தான். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனார், வயிற்று வலி தீர்ந்தது, தம்பி திருநாவுக்கரசர் ஆனார் என்கிறது பெரியபுராணம். அதன் பிறகு அவர் கையில் கடைசிவரை இருந்தது உழவாரப்படை. கோயில் தரையில் முளைத்த புல்லைச் செதுக்கும் சிறு கருவி. அக்காள் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர். மண்ணோடு கை கலந்த இருவரின் ஊர் இது. அவர்கள் பிறந்த திருவாமூரும் பக்கத்தில்தான். சித்திரைச் சதயத்துக்கும் வைகாசித் தேருக்கும் வெளியூர்க் கூட்டம் வருகிறது. பலா உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அவையே. வருகிற பக்தருக்குக் கோயில் வாசலில் ஒரு கிண்ணம் பலாச்சுளைப் பாயசம், ஓர் இலை பலாக்காய்ச் சாதம் கொடுக்க மண்டகப்படிக்காரர்கள் மனம் வைத்தால் போதும். தமிழகக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்றும் நடக்கிறது. அந்தப் பந்திகளில் அந்தந்த ஊர் விளைச்சல் வாரம் ஒருநாளாவது இடம்பெற வேண்டும் என்று அறநிலையத் துறை ஓர் உத்தரவு போட்டால், தமிழ்நாடு முழுக்க உழவருக்கு ஒரு நிலையான வாடிக்கையாளர் கிடைப்பார்.

வெளியில் போய்ச் சாப்பிடுவது பற்றி எழுதும் ஒருவன் இந்தப் பக்கத்தில் வடலூரை மறந்தால் அது பிழை. 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதற்கான எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து உழவர்கள். இன்றும் தைப்பூசத்துக்கு முன்னால் சுற்று ஊர்களிலிருந்து அரிசி மூட்டையும் காய்கறியும் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. யார் வயலில் விளைந்ததோ அது யார் பசியையோ ஆற்றுகிறது. வயலுக்கும் இலைக்கும் நடுவில் வண்டித்தடம் மட்டுமே இருக்கிற ஏற்பாடு அது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக நம் கண்ணெதிரில் நடப்பதால், அதைப் புதிதாய் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இனி நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் என்.எல்.சி. நிறுவனம், 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது, 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. முந்திரியும் பலாவும் கம்பும் விளைந்த மேட்டு நிலத்தில் வட்டம் வட்டமாக ஒரு நகரியம் எழுந்தது. ஆந்திரம், கேரளம், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து குடியேறினார்கள். அவர்கள் குழந்தைகள் நெய்வேலியைச் சொந்த ஊர் என்கிறார்கள், அது உண்மையும்கூட. ஞாயிற்றுக்கிழமை மாலை மெயின் பஜாரில் நடந்தால் நான்கு மொழி காதில் விழும்.

அந்த நகரியத்துக்காக நிலம் கொடுத்துவிட்டு எழுந்துபோன ஊர்களின் பெயர்கள் இன்று வரைபடத்தில் இல்லை. 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக மேல்வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நிலம் கையகப்படுத்தப்பட்டது எப்போது, இழப்பீடு எவ்வளவு என்ற சட்ட வழக்கெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். விளைந்து நிற்கும் பயிரை மிதிப்பதைப் பார்த்து வயிறு எரியாதவர் இருக்க முடியாது. அதே சுரங்கம் இறைத்து வெளியேற்றும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பல ஊர்களில் நெல் விளைவிக்கிறது என்பதும் உண்மை. எடுத்ததும் கொடுத்ததும் ஒரே கையால் என்பதால்தான் இந்தப் பகுதி உழவருக்கு நெய்வேலியோடு உள்ள உறவை ஒரு சொல்லில் சொல்ல முடிவதில்லை.

நான் கேட்பது மிகச் சிறியது. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் மூன்று ஷிப்டிலும் கேண்டீன் நடக்கிறது. விருந்தினர் மாளிகைகள் இருக்கின்றன, விடுதிகள் இருக்கின்றன, மருத்துவமனை இருக்கிறது. இத்தனை அடுப்புக்கும் வாங்கும் காய்கறியில் ஒரு பங்கை உழவர் சந்தை விலையில், சுற்று ஊர் உழவரிடம் நேராக வாங்குவது என்று என்.எல்.சி. நிர்வாகம் முடிவெடுக்கலாம். தினமும் இத்தனை கிலோ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால், உழவர் தன் அரைக் காணியில் என்ன போடலாம் என்று துணிந்து முடிவு செய்வார். நிலத்தை இழந்து நகரியத்தின் ஓரத்தில் குடியிருக்கும் குடும்பங்களின் பெண்களுக்கே மூசு நறுக்கும் வேலையையும் பயிறு உடைத்துத் தரும் வேலையையும் கொடுக்கலாம். 1998இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி நாடறிந்தது. கண்காட்சி என்றாலே டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும்தான். அவையும் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கடை, பலாக்கொட்டைக் குழம்பும் சோறும். வெளியூர் எழுத்தாளர்கள் வருகிற இடம், ஊர் திரும்பினதும் எழுதிவிடுவார்கள்.

இத்தனை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரையேறியபோது இந்தப் பகுதியில் சாய்ந்த பலாமரங்களில் பல, மூன்று தலைமுறை பார்த்தவை. தாத்தா நட்டு, அப்பா விற்று, பேரன் நிழலில் படுத்த மரங்கள். மறுநாள் காலை கொல்லைக்குப் போனவர்கள் துக்க வீட்டுக்குள் நுழைந்தவர்கள்போல வாய்விட்டு அழுதார்கள். அதன் பிறகும் கன்று நட்டார்கள். ஒட்டுக்கன்று காய்க்கவே ஐந்தாறு வருடம் ஆகும், பழைய மரத்தின் காய்ப்புக்கு வர இன்னும் எத்தனையோ வருடம். அன்று நட்ட கன்றுகள்தான் இன்று காய்த்து மண்டிக்கு வருகின்றன. அத்தனை பொறுமையோடு வளர்த்த காய்க்கு, இரண்டு மைல் தொலைவில் இருக்கும் சாப்பாட்டுக்கடையில் இடமில்லை என்றால் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு ஓட்டலிலிருந்து வெளியே வந்ததும் நண்பரின் மகளைச் சாலையோரத்துப் பெண்மணியிடம் அழைத்துப்போனேன். சுளை ஒரு கிலோ வாங்கினாள். கொட்டைக் குவியலைக் காட்டி, "இது எவ்வளவு பாட்டி?" என்று கேட்டாள். பாட்டிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கொட்டையை யாரும் விலைக்குக் கேட்டதில்லைபோல. இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டார், திரும்ப ஒரு கை அள்ளிப் போட்டார்.

"துட்டு வாணாங்கண்ணு. தோலை உரிச்சுட்டு, ரெண்டா நறுக்கி, கருவாட்டுக் கொழம்புல போடச் சொல்லு உங்கம்மாவ. கத்திரிக்கா சேத்துக்கணும். புளி கம்மியா."